தபசு காலத்தில் பதில் வராது

சேசு மரி சூசை

ஆலத்தூர் நாடு, கொல்லிமலை
2 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். இங்கே நானும் இவரும் பிள்ளைகளும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மண்டியிடும்போது மெத்தைத் துண்டு வைத்துக்கொள்ள மடத்து மதர் சம்மதித்தார்களா? இவருக்கு மலைக்குளிர் ஒத்துக்கொண்டது. மாடுகளுக்கு ஊசி போடும் ஆய்வாளரை ஊரே டாக்டர் என்கிறது. அதனால் நான் டாக்டரம்மா. எம்.ஏ. படித்தும் கிடைக்காத மரியாதை மாட்டால் கிடைத்தது.

ஒரு செய்தி. செலினை இந்த வருஷம் பள்ளியில் சேர்க்கவில்லை. வீட்டிலேயே நான் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். இன்னாசிக்கு நாலு வயசுதான், அவனும் கூட உட்காருவான். தியானக் கூட்டத்தில் பழக்கமான பெங்களூர் அம்மா ஒருவர் தன் பிள்ளைகள் எல்லோரையும் வீட்டிலேயே படிக்க வைத்தவர். அவர் ஒரு புத்தகப் பட்டியல் அனுப்பியிருக்கிறார். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கென்று வெளிநாட்டில் யாரோ தயாரித்தது. வயசுவாரியாக, திருநாள்வாரியாக அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதிப் புத்தகத்தில் பனி பெய்கிறது. செலின் வாசலுக்குப் போய்க் காலை மூட்டத்தைக் கையால் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து, "இதுல எப்படிம்மா பொம்மை செய்வாங்க?" என்று கேட்டாள். எனக்கும் விளக்கத் தெரியவில்லை.

மடத்துக்குப் போகும் முன் எத்தனை வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தீர்கள்! பள்ளியின் புத்தக அலமாரிச் சாவி உங்கள் இடுப்பில்தான் இருந்தது. எனக்கு ஒரு பட்டியல் எழுதித் தாருங்கள், தமிழில் கிடைப்பவை முதலில்.

பக்கத்துக் காட்டுப் பெருமாயியின் மகள் சண்முகப்பிரியா செலினைவிட ஒரு வயசு மூத்தவள். பள்ளி விட்டதும் நேரே இங்கே வந்து, முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கதை கேட்கிறாள். அவளுக்கும் பிடிக்கிற மாதிரி இரண்டு மூன்று சேர்த்து எழுதுங்கள்.

எங்களை ஜெபத்தில் நினைக்கக் கேட்கும்
தங்கை ஜெசிந்தா


தியான மடம்
30 ஜூன் 2024

பிரியமுள்ள ஜெசிந்தாவுக்கு,

தேவதாயின் அடைக்கலத்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நலமாயிருக்க மன்றாடுகிறேன். உன் தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில்தானே சாப்பிடுகிறாய்? எனக்கு முழங்கால் வலியும் இருக்கிறது, மெத்தைத் துண்டும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே ஜெபிக்கின்றன.

பட்டியல் தனித்தாளில் வருகிறது. வயசு போட்டு எழுதவில்லை. மடியில் வைத்துப் படிக்க, வயிறு வலிக்கச் சிரிக்க, அழுதாலும் நிறுத்தாமல் படிக்க, படிக்காமல் படம் மட்டும் பார்க்க என்று பிரித்திருக்கிறேன். நம் பிள்ளைகள் பார்த்திருக்கும் ஆடு, மழை, பலாப்பழம், பஸ் எல்லாம் முதலில். அந்த வெளிநாட்டுப் பட்டியலையும் தூக்கிப் போடாதே. தெரியாத ஊரிலும் ஒரு பிள்ளைக்குப் பசிக்கும், அதுவும் அம்மாவைத் தேடும் என்று தெரிந்துகொள்வது நல்லது. அர்ச்சியசிஷ்டர் கதை வாரத்துக்கு ஒன்று போதும். தினம் ஒரு புனிதர் என்றால் அவர்கள் பல்லி மிட்டாய் ஆகிவிடுவார்கள். முடித்ததும் டிக் அடிக்காதே. பிள்ளை இரண்டாம் தடவை கேட்டு வாங்கும்போதுதான் ஒரு புத்தகம் ஆரம்பிக்கிறது.

நீ எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். பள்ளி எவ்வளவு தூரம்? ஏன் சேர்க்கவில்லை?

எங்கள் விதி உனக்குத் தெரியும். மாதம் ஒரு கடிதம். கிறிஸ்மசுக்கு முன் திருவருகைக் காலத்திலும், ஈஸ்டருக்கு முன் தபசு காலத்திலும் எழுதுவதும் இல்லை, வந்ததைப் பிரிப்பதும் இல்லை. அது மதரின் மேசை இழுப்பறையில் காத்திருக்கும்.

சேசுவின் திரு இருதயத்தில்
அக்கா


ஆலத்தூர் நாடு
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். நாங்கள் சுகம். இவருக்கு மட்டும் மழையில் ஒரு மாட்டுப் பிரசவத்துக்குப் போய்ச் சளி பிடித்துவிட்டது. தைராய்டு மாத்திரை ஒழுங்காகப் போகிறது. அங்கே தண்ணீர்க் கஷ்டம் தீர்ந்ததா?

திருச்சியிலிருந்து புத்தகப் பார்சல் வந்தது. காலையில் செபம், எழுத்து, கணக்கு. மதியம் இன்னாசி தூங்கியதும் செலின் தானே படிப்பாள். சாயங்காலம் உங்கள் பட்டியல். "வயிறு வலிக்கச் சிரிக்க" என்ற தலைப்பு இன்னாசிக்கு மிகவும் பிடித்துவிட்டது. சிரிப்பதற்கு முன்பே வயிற்றைப் பிடித்துக்கொள்கிறான். படித்து முடித்ததும், நம் அப்பா நமக்குச் செய்த மாதிரி, இருவர் நெற்றியிலும் கட்டை விரலால் சிலுவை வரைந்துவிடுவேன். சண்முகப்பிரியாவும் வரிசையில் நிற்கிறாள். "எனக்குங்க?" என்று நெற்றியை நீட்டுகிறாள். அவளுக்கும் வரைந்து வீட்டுக்கு அனுப்புவேன்.

போன வாரம் பரிமளா டீச்சர் வந்தார். கீழே உள்ள தொடக்கப்பள்ளியில் இருப்பவர்.

"ஏனுங்க டாக்டரம்மா, பாப்பாவ எங்க பள்ளிக்கூடத்துல போட்டா ஆகாதுங்களா? நாங்களும் அ, ஆ தானுங்க சொல்லித் தாரோம். கடிக்கவா போறோம்?"

"ஐயோ, அப்படி இல்ல டீச்சர். வீட்லயே எல்லாம் சொல்லிக் குடுக்குறேன். படிப்பு ஒண்ணும் குறையல."

"ஊட்டுல எல்லாஞ் சொல்லித் தரலாமுங்க. சண்ட போடச் சொல்லித் தர முடியுங்களா?"

இவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: பள்ளி தூரமில்லை. எங்கள் மிளகுக் கொடிகளுக்கு நடுவே இறங்கினால் மணிச் சத்தம் கேட்கும். காரணத்தை நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

தங்கை ஜெசிந்தா


ஆலத்தூர் நாடு
13 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். எல்லோரும் நலம். உங்கள் செப்டம்பர் கடிதம் கிடைத்தது. மடத்து வாழைத்தோட்டத்தில் குரங்கு புகுந்ததைப் படித்துக் காட்டினேன். குரங்குக்கும் அடைபட்ட மடத்துக்குள் போக அனுமதி உண்டா என்று செலின் கேட்கிறாள்.

பட்டியலில் பாதிக்கு மேல் முடித்துவிட்டோம். நாள் முழுக்கப் படிக்கிறோம். தேவமாதா மாதம் என்பதால் காலையில் செபமாலைக் கதைகள், மதியம் மிருகக் கதைகள், சாயங்காலம் இன்னும் ஒன்று. செலின் இப்போது எழுத்துக் கூட்டாமலே படிக்கிறாள். பெங்களூர் அம்மா சொன்ன அளவைவிட முன்னால் போய்விட்டாள். புனித அந்தோணியார் மீன்களுக்குப் பிரசங்கம் செய்த கதை படித்ததிலிருந்து கோழிகளை உட்கார வைத்துக் கதை வாசிக்கிறாள். பார்க்கக் கண்கொள்ளாது. வீடு அமைதியாக, நிறைவாக இருக்கிறது. "அழுதாலும் நிறுத்தாமல்" பகுதிக்கு இன்னும் சில புத்தகங்கள் எழுதுங்கள்.

இத்துடன் செலின் உங்களுக்கு எழுதியது இருக்கிறது. அவளே மடித்துச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிவிட்டாள். நான் பார்க்கக் கூடாதாம்.

உங்கள் ஜெபத்தை நம்பும்
ஜெசிந்தா

*

பெரியம்மாவுக்கு தோத்திரம். நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா. சண்முகப்பிரியா இப்ப வரதில்ல. அவங்க அம்மா வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அவ வேலிக்கு அந்தப் பக்கம் நிப்பா. நான் கோழிக்கு நாலு புஸ்தகம் படிச்சேன். கருப்புக் கோழி மட்டும்தான் கேக்குது. மத்தது போயிடுது. செலின்.


தியான மடம்
24 நவம்பர் 2024

பிரியமுள்ள ஜெசிந்தாவுக்கு,

எல்லோரும் சுகமென்று அறிந்து ஆண்டவருக்கு நன்றி. மாப்பிள்ளையின் சளி விட்டதா? இங்கே மழை அதிகம். வயதான இரண்டு சகோதரிகளுக்குக் காய்ச்சல் வந்து போனது. நான் நலம்.

திருவருகைக் காலம் தொடங்குமுன் இது உனக்குச் சேர வேண்டும் என்று சுருக்கமாக எழுதுகிறேன். நீ கேட்ட புத்தகங்களை இப்போது எழுதவில்லை.

அந்தோணியார் ஏன் மீன்களிடம் போனார் என்று செலினுக்குச் சொன்னாயா? ஊர் ஜனங்கள் கேட்க வரவில்லை என்பதால் போனார். அவர் மீன்களோடு தங்கிவிடவில்லை, அதையும் சொல்.

சண்முகப்பிரியா எங்கே? போன கடிதத்தில் குரங்கு இருந்தது, கோழி இருந்தது, அந்தப் பிள்ளை இல்லை.

இதற்குப் பதிலைக் கிறிஸ்மசுக்குப் பிறகுதான் படிப்பேன். அவசரமில்லாமல் எழுது. செலினின் கடிதம் என் செபப்புத்தகத்துக்குள் இருக்கிறது. கருப்புக் கோழியை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


ஆலத்தூர் நாடு
29 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பாலன் சேசுவின் சமாதானம் உங்களோடு இருக்கட்டும். நடுச்சாமப் பூசைக்குக் குளிரில் போய் வந்ததில் இன்னாசிக்கு இருமல். வேறு குறையில்லை.

செலின் என்ன எழுதினாள் என்று இப்போது புரிகிறது. சொல்கிறேன். சண்முகப்பிரியாவுக்கு மூச்சு இழுப்பு உண்டு. செப்டம்பரில் அவர்கள் பூசாரி கயிறு கட்டி, நெற்றியில் விபூதி வைத்து, மூன்று நாள் யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார். எனக்கு அது தெரியாது. அன்று சாயங்காலமும் வரிசையில் நின்றாள். வழக்கம்போலக் கட்டை விரலை வைத்தேன். இரவில் மூச்சு முட்டி, செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். காலையில் பெருமாயி வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"பூசாரி போட்ட துண்ணூறு கலைஞ்சிருந்துச்சுங்க. கேட்டா, நீங்க வெரல்ல கோடு போட்டீங்கன்னு சொல்லுது."

"தினமும் போடுறதுதான் பெருமாயி. ஆசீர்வாதம். எங்க பிள்ளைங்களுக்கும்தான் போடுறேன்."

"தெனமுங்களா?"

அப்புறம் சொன்னார்: "நீங்க கெட்டது நெனைக்க மாட்டீங்க, எனக்குத் தெரியுமுங்க. ஆனா எம்புள்ள. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்களா?"

இவ்வளவுதான். நான் மதம் மாற்றவில்லை, மந்திரம் சொல்லவில்லை. என் பிள்ளைக்குக் கொடுப்பதை அவர் பிள்ளைக்கும் கொடுத்தேன். இழுப்பு என் விரலால் வந்ததில்லை என்று இவரே சொல்கிறார். அதே வாயால், செலினை ஜூனில் பள்ளியில் போடலாம் என்றும் சொல்கிறார். "தனியாக் கட்டிப் போட்ட கன்னு தீனி எடுக்காது" என்கிறார். அவருக்கு எல்லாமே மாடுதான். செலின் நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகப் படிக்கிறாள். உங்கள் பட்டியலே சாட்சி.

ஒன்று கேட்கிறேன். பள்ளியில் போடு என்று நீங்கள் சொன்னால் போடுகிறேன். வேண்டாம் என்றால் "அக்காவே சொல்லிவிட்டார்" என்று இவரிடம் சொல்லிவிடுவேன். நீங்கள் சொல்வதுதான்.

ஜெசிந்தா


தியான மடம்
19 ஜனவரி 2025

பிரியமுள்ள ஜெசிந்தாவுக்கு,

இன்னாசியின் இருமல் நின்றிருக்கும் என்று நம்புகிறேன். தூதுவளை கிடைத்தால் ரசம் வைத்துக் கொடு. நான் சுகம்.

நான் சொல்ல மாட்டேன். மடத்துக் கம்பிக்கு இந்தப் பக்கம் இருப்பவள், உன் பிள்ளை காலையில் எந்தப் பாதையில் இறங்க வேண்டும் என்று சொல்வது சரியில்லை. மாப்பிள்ளையிடம் காட்டுவதற்கு என் பெயரைக் கேட்காதே.

பெருமாயி பேசியதை வரிக்கு வரி எழுதியிருக்கிறாய். கடைசியில் அவர் கேட்டதற்கு நீ சொன்ன பதில் அதில் இல்லை. அவர்கள் வீட்டுக்குப் போனாயா? பிள்ளைக்கு மூச்சு சரியானதா என்று விசாரித்தாயா? செப்டம்பரில் நடந்தது. நீ எழுதும்போது டிசம்பர் முடிகிறது.

கதவடைத்த வீட்டின் சுகம் எனக்குத் தெரியும் ஜெசி. அமைதி, ஒழுங்கு, மணிக்கொரு வேலை, நல்ல புத்தகம். நீ எழுதும் வீடு என் மடத்தைப் போலவே இருக்கிறது. ஆனால் நான் முப்பத்தெட்டு வயசில், வருஷக்கணக்கில் மன்றாடிக் கேட்டு, என் காலால் நடந்து உள்ளே வந்தேன். செலினை யாராவது கேட்டார்களா?

உனக்காக மன்றாடும்
அக்கா


ஆலத்தூர் நாடு
26 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டுகிறோம்.

நீங்கள் உங்கள் காலால் நடந்து உள்ளே போனீர்கள். வெளியே நின்றவர்களை யாரும் கேட்கவில்லை. அம்மா அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டியது, குளிப்பாட்டியது, மண் போட்டது எல்லாம் நான். அப்புறம் பிள்ளை இல்லாத வீடு. இவர் மாட்டைத் தேடிப் போய்விடுவார். பகல் முழுக்கச் சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துத்தான் அந்த வீட்டில் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலைத் தினமும் காலையில் கீழே அனுப்பிவிட்டு மறுபடி கடிகாரத்தைக் கேள் என்கிறீர்கள்.

ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டீர்களே. இதுதான்.

பட்டியலில் மிச்சம் இருப்பது போதும். புதிதாக எழுத வேண்டாம்.

ஜெசிந்தா


ஆலத்தூர் நாடு
23 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். பாஸ்குத் திருநாள் வரை இது மதரின் இழுப்பறையில் கிடக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன். போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபசு தொடங்கிவிட்டதாலா, வேறு காரணமா என்று தெரியவில்லை. எப்படியோ, பதில் வராது என்று தெரிந்து எழுதுவது இன்று எனக்குச் சுலபமாக இருக்கிறது.

விபூதிப் புதன் பூசை முடிந்து பஸ்ஸில் திரும்பினோம். எங்கள் மூன்று பேர் நெற்றியிலும் சாம்பல் சிலுவை. சந்தைக் கூடையோடு ஏறிய பெருமாயி எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டியிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்னாசிக்கு நெற்றி அரித்திருக்கிறது, புறங்கையால் துடைக்கப் போனான். பெருமாயி சட்டென்று அவன் கையைப் பிடித்தார்.

"அட, தொடைக்காத சாமி! கோயில்ல போட்ட துண்ணூற அப்படித் தொடைப்பாங்களா?"

பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்களும் துண்ணூறு பூசுவீங்களா?"

"வருஷத்துக்கு ஒரு நாள் பூசுவோம்."

"ஒரு நாளா? பத்துமா?"

முன்சீட்டில் இருந்த ஊர்க்காரர் மாணிக்கம் திரும்பி, "அவங்க சாமிக்கு ஞாபக சக்தி சாஸ்தி புள்ள, ஒருக்கா பூசுனா வருசம் பூரா நெனப்பு வெச்சுக்கும்" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் வீடு வந்து சேரும் வரை ஒன்று உறுத்தியது. இன்னாசியின் நெற்றியில் இருந்தது என்னவென்று தெரியாமலே, அதைக் கலையாமல் காப்பாற்றினார் அவர்.

அன்றைக்கே போயிருக்க வேண்டும். போகவில்லை. முந்தாநாள்தான் போனேன். வாசலில் உட்கார்ந்து குச்சிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். இந்த வீட்டுக்கு வந்த நாளாக அவர் வாசலை நான் மிதித்ததில்லை என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது. அவர் பிள்ளை என் வீட்டில் ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

"உங்களக் கேக்காம செஞ்சுட்டேன் பெருமாயி. தப்புதான்" என்றேன்.

கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "இத அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா, ரெண்டு புள்ளைகளும் வேலிக்கு ரெண்டு பக்கமும் இத்தன மாசம் நின்னுட்டு இருந்திருக்குமாங்க?"

"இப்ப மூச்சு எப்படி இருக்கு?"

"நல்லாருக்குதுங்க. உக்காருங்க."

உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, நாளையிலிருந்து சண்முகப்பிரியாவை அனுப்புவீர்களா என்று கேட்டேன். நெற்றியைத் தொட மாட்டேன் என்றும், புனிதர் கதையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு மற்றதை மட்டும் படிக்கிறேன் என்றும் சொன்னேன்.

"அதெப்படிங்க? அவங்கப்பனுக்கு நான் என்ன சொல்லுவேன்? எம்புள்ள உங்கூட்டுக்கு இனி வராதுங்க." சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டார். "உங்க புள்ளைய வேணா இங்க அனுப்புங்க. நாங்க நெத்தியத் தொட மாட்டோமுங்க."

கோபமாகச் சொல்லவில்லை அக்கா. வீட்டுக்கு வந்து செலினிடம் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் வேலியைத் தாண்டிவிட்டாள். அன்று சாயங்காலம் இன்னாசிக்கு மட்டும் படித்தேன். அவன் பாதியில் தூங்கிவிட்டான். இருட்டும் நேரம் செலின் முழங்கை சிராய்ப்போடு வந்தாள். சண்முகப்பிரியா தள்ளிவிட்டாளாம். "நானும் தள்ளிட்டேன்மா. அப்பறம் கெழங்கு தின்னோம்" என்றாள்.

ஜூனில் என்ன செய்வது என்று இன்னும் முடிவில்லை. உங்களைக் கேட்கப் போவதில்லை.

உங்கள் முழங்காலை நினைத்துக்கொள்கிறேன்.
ஜெசி


தியான மடம்
22 ஏப்ரல் 2025

பிரியமுள்ள ஜெசிக்கு,

அல்லேலூயா. உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உன் வீட்டில் தங்கட்டும். மாப்பிள்ளைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர். என் முழங்கால் பெரிய வெள்ளியன்று மட்டும் மிகவும் முரண்டு பிடித்தது.

உன் மார்ச் கடிதத்தைத் திருநாளுக்கு மறுநாள் பிரித்தேன். பிப்ரவரிக் கடிதம் தபசுக்கு முன்பே என் கைக்கு வந்துவிட்டது. பதில் எழுத நேரமும் இருந்தது, அனுமதியும் இருந்தது. நான் எழுதவில்லை. விதி தடுத்தது என்று நீ நினைத்திருக்கலாம். தடுத்தது கோபம். தபசு முழுக்க அதைத்தான் மென்றுகொண்டிருந்தேன்.

அம்மாவைப் பற்றி நீ எழுதியது சரி. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பார்த்தால் போக மாட்டேன் என்று பயந்து நானே பார்க்கவில்லை. உன் பகல்களைப் பற்றி இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. உன் சுகம், மாப்பிள்ளை சுகம், பிள்ளைகள் சுகம் என்றே கேட்டுவிட்டேன்.

ஜூனைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. இத்துடன் ஒரு பட்டியல் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இல்லை, உனக்கு. பெரியவர்கள் படிக்கும் புத்தகங்கள். சிலவற்றை மடத்தில் வாசித்தேன், சிலவற்றை வெளியே இருந்தபோது. வரிசை உன் இஷ்டம். படித்துவிட்டு எனக்கு எழுது. சண்டை போடவும் எழுதலாம், மாதம் ஒன்றுக்கு அனுமதி உண்டு.

அக்கா


ஆலத்தூர் நாடு
15 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். எல்லோரும் சுகம். இவருக்கு ஒரு காளை காலில் மிதித்து விரல் வீங்கியிருக்கிறது, முறிவில்லை. உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன், மதரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

செலினை இரண்டாம் வகுப்பில் சேர்த்துவிட்டோம். பரிமளா டீச்சர் அவளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நாலாப்புப் புள்ள மாதிரி படிக்குது, பென்சிலப் புடுங்குனா அழுவுது. ரெண்டயும் சரி பண்ணிக்கலாமுங்க" என்றார். வீட்டிலிருக்கும் புத்தகங்களில் கொஞ்சம் பள்ளிக்குத் தரலாமா என்று கேட்டேன். "குடுங்க. சாமி புஸ்தகம் மட்டும் நீங்களே வெச்சுக்கங்க. எந்தச் சாமின்னாலும் எனக்குத் தலவலி" என்று சொல்லிவிட்டார். அதனால் சிரிக்கும் புத்தகங்கள் கீழே போய்விட்டன. அழ வைப்பவையும் அர்ச்சியசிஷ்டர்களும் என்னோடு இருக்கிறார்கள். இன்னாசிக்கு இன்னும் ஒரு வருஷம் வீட்டில்தான். இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை, இவரும் வற்புறுத்தவில்லை.

நீங்கள் எழுதிய பட்டியலில் இரண்டாவதைத் தொடங்கியிருக்கிறேன். முதலாவது பிடிக்கவில்லை, காரணத்தை அடுத்த மாதம் விரிவாக எழுதுகிறேன். காலையில் செலின் போனதும் வீடு சத்தமில்லாமல்தான் இருக்கிறது. சுலபமாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டாம் நாள் மிளகுக் கொடிகள் வரை போய் நின்று, இடைவேளை மணிச் சத்தம் கேட்டுவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் நாள் இன்னாசி, "எங்கம்மா போற?" என்று கேட்டதால் போகவில்லை.

நேற்று முன்தினம் சாயங்காலம் செலினும் சண்முகப்பிரியாவும் மேட்டில் ஏறி வருவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, நடக்க முடியாமல் சிரித்துக்கொண்டு வந்தார்கள். வேலி வந்ததும் சண்முகப்பிரியா அவள் காதில் ஏதோ சொன்னாள். மறுபடி சிரிப்பு. பிறகு அவள் அவள் வீட்டுக்கும் இவள் நம் வீட்டுக்குமாகப் பிரிந்தார்கள்.

பையை வாங்கிக்கொண்டு, "என்ன கண்ணு, என்ன நடந்துச்சு இன்னிக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள்.

உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள். அவள் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியாத ஒரு பொழுது அவளுக்கு இருந்ததில்லை அக்கா.

நான் மறுபடி கேட்கவில்லை.

ஜெசி